தலைக்கு மேலே என்ன போடுவது?

2018-ம் வருஷம் நவம்பர் 16-ந் தேதி விடியற்காலையை எங்கள் பட்டுக்கோட்டைப் பக்கத்துக்காரர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறிய ராத்திரி அது. நான், என் வீட்டுக்காரர், மாமியார் மூன்று பேரும் கூடத்தில் நெல் பத்தாயத்தை ஒட்டி உட்கார்ந்திருந்தோம். பின்கட்டில் சமையலறை மேல் போட்டிருந்த ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் முதலில் ‘படார் படார்’ என்று அடித்துக்கொண்டது. திடீரென்று அந்தச் சத்தம் மட்டும் நின்றுவிட்டது. “காத்து அடங்குது போல” என்றேன். அடங்கியது காற்று இல்லை, ஷீட்டே பறந்துவிட்டது என்பது விடிந்த பிறகுதான் தெரிந்தது! முன்கட்டு ஓட்டின் மேல் பக்கத்துக் கொல்லைத் தென்னை ஒன்று சாய்ந்து, விட்டத்தையே முறித்துப் போட்டிருந்தது.

உயிர் தப்பினோமே என்று முதல் இரண்டு நாள் நினைத்தோம். மூன்றாம் நாள் கவலை வேறு மாதிரி வந்தது. மகளுக்கு அப்போது மூன்று மாதம். தலைப்பிரசவத்துக்கு மே மாதம் நம் வீட்டுக்குத்தானே வருவாள்? அதற்குள் தலைக்கு மேல் ஒரு கூரை வேண்டும். கையிருப்பும், என் ஆறு பவுன் சங்கிலியை அடகு வைத்த பணமும்தான் முதல்.

வீட்டில் மூன்று பேர், மூன்று அபிப்பிராயம். “ஷீட்டையே மறுபடி போட்டுடுவோம், ஒரே நாள் வேலை, காசும் கம்மி” என்றார் அவர். “எல்லாத்தையும் இடிச்சிட்டுத் தளம் போடுங்க” என்றேன் நான். மாமியார், “மூணு தலைமுறை அந்த ஓட்டுக்குக் கீழதான் பொறந்து வளர்ந்துச்சு. ஓட்டையே போடுங்க” என்றார். அப்புறம் நான் செய்த காரியம், ஊரில் வீடு வீடாகப் போய் விசாரித்தது. புயலுக்கு எது நின்றது, எது போனது, வெயிலுக்கு எப்படி, செலவு என்ன என்று நான் தெரிந்துகொண்டதையும், அதற்குப் பிறகும் நான் பண்ணின ஒரு முட்டாள்தனத்தையும் சேர்த்தே எழுதுகிறேன். வீடு கட்டப் போகும் சகோதரிகளுக்கு உபயோகப்படும்.

கீற்றுக் கொட்டகையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. என் பிறந்த வீடு கீற்று வேய்ந்ததுதான். அந்தக் குளிர்ச்சி எந்த ஏசி அறையிலும் வராது. ஆனால் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றி வேயணும். இப்போது முடைந்த கீற்றும் விலை, வேய்கிற ஆளும் இல்லை. எல்லாவற்றுக்கும் மேல் நெருப்புப் பயம். 2004 ஜூலையில் கும்பகோணத்துப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிற இடத்துக் கூரையில் பிடித்த தீயில் 94 குழந்தைகள் போனார்களே, அதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு கலங்குகிறது. கீற்று வீட்டில் இருப்பவர்கள் அடுப்பை மட்டுமாவது தள்ளித் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஷீட்டுக்கு வருவோம். விலை குறைவு, வேலை சீக்கிரம் முடியும் என்று அவர் சொன்னது வாஸ்தவம்தான். ஆனால் சித்திரை வெயிலில் மத்தியானம் அந்தச் சமையலறையில் நின்று சமைத்தது நான் அல்லவா? தோசைக்கல் கீழே ஒன்று, மேலே ஒன்று என்ற மாதிரி இருக்கும். வெப்பத்தைவிடப் பெரிய விஷயம் உடம்பு. ஆஸ்பெஸ்டாஸ் என்பது கல்நார். அதை அறுக்கும்போதும், துளை போடும்போதும், உடைந்து நொறுங்கும்போதும் கண்ணுக்குத் தெரியாத நார் தூசியாகக் கிளம்பி நுரையீரலுக்குள் போய்த் தங்கிவிடும். நோய் உடனே தெரியாது. இருபது முப்பது வருஷம் கழித்துக்கூடத் தலைகாட்டும். எல்லா வகை ஆஸ்பெஸ்டாஸும் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பல நாடுகளில் தடையே செய்துவிட்டார்கள். எங்கள் கொல்லையில் நொறுங்கிக் கிடந்த துண்டுகளை நான் விளக்குமாறு போட்டுப் பெருக்கவில்லை. தண்ணீர் தெளித்து நனைத்து, மூக்கில் துணி கட்டிக்கொண்டு, கையால் பொறுக்கிச் சாக்கில் கட்டினேன். கோழிக்கூண்டுக்கு ஆகும் என்று எடுக்க வந்தவரிடமும் கொடுக்கவில்லை. இருக்கிற ஷீட்டு உடையாமல் இருந்தால் பதற வேண்டாம். அதைத் தேய்த்துக் கழுவுவது, ஆணி அடிப்பது மட்டும் கூடாது.

வர்ணம் பூசின இரும்பு ஷீட்டு இப்போது எங்கே பார்த்தாலும் இருக்கிறது. அதில் நார் பயம் இல்லை. சீக்கிரம் சூடாகும், பொழுது சாய்ந்ததும் சீக்கிரம் ஆறும். மழை பெய்தால் பக்கத்தில் இருப்பவர் பேசுவது காதில் விழாது. கடற்கரைப் பக்கம் திருகாணி இருக்கிற இடத்தில் துரு முதலில் பிடிக்கும். மாட்டுக் கொட்டகைக்கும் வண்டி நிறுத்தவும் நல்லது. படுக்கை அறைக்கு என்றால் உள்ளே ஒரு தட்டி அடித்துத்தான் ஆகணும். அந்தச் செலவையும் முதலிலேயே கணக்கில் சேருங்கள்.

இனி ஓடு. நம் நாட்டு ஓடு அரைவட்டமாக, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கடுக்காக வரும். நடுநடுவே காற்று நிற்பதால் வெயில் இறங்காது. ஆனால் பூனை ஓடினாலே நகர்ந்துவிடும். வருஷா வருஷம் பிரித்து அடுக்கணும். சீமை ஓடு என்று நாம் சொல்கிற மங்களூர் ஓடு அப்படி இல்லை, ஒன்றோடொன்று கவ்விக்கொள்ளும். பாசல் மிஷன்காரர்கள் 1865-ல் மங்களூரில் தொழிற்சாலை வைத்து ஆரம்பித்தது. எங்கள் வீட்டில் இருந்ததும் அந்த வகைதான். சரிவையும் சேர்த்து அளந்தால் நூறு சதுர அடிக்கு 140-லிருந்து 150 ஓடு பிடிக்கும். எங்களுடைய 1,300 ஓட்டில் நான் உட்கார்ந்து பொறுக்கினதில் 700 தேறியது! விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள், நல்ல ஓடு கணீர் என்று சொல்லும். கீறல் விட்டது ‘சொத்’ என்று சொல்லும். மேலே தண்ணீர் ஊற்றி வைத்தால் அடியில் கசியக் கூடாது.

ஓட்டுக்குச் சரிவுதான் உயிர். “பத்தடி ஓட்டத்துக்குக் கொறைஞ்சது அஞ்சடி எழும்பணும்மா, இல்லாட்டி மழைத்தண்ணி பின்னால ஏறும்” என்றார் எங்கள் ஆசாரி. மரம் சுவருக்குள் புகுகிற நுனியில்தான் கரையான் முதலில் வரும். அங்கே முந்திரிக்கொட்டை எண்ணெய் தடவி வைத்தோம். எங்கள் பக்கத்தில் வழக்கம் அது. கையில் படாமல் தடவணும், பட்டால் வெந்துவிடும். காற்றுக்குப் பயந்து, ஓரத்து வரிசையையும் முகட்டையும் சாந்து வைத்து இறுக்கி, இறவாரத்து ஓடுகளைக் கம்பியால் சட்டத்தோடு கட்டச் சொன்னேன். புயலில் முதலில் கிளம்புவது ஓரம்தான். ஓரம் கிளம்பினால் உள்ளே காற்று புகுந்து மற்றதையும் தூக்கிவிடும்.

‘அப்படியானால் ஏன் தளம் கேட்டாய்?’ என்பீர்கள். பயம்தான், வேறென்ன? எங்கள் தெருவில் தளம் போட்ட வீடுகள் எல்லாம் புயலில் அசையாமல் நின்றன. அதைப் பார்த்த பிறகு எனக்கு வேறு எதிலும் மனம் போகவில்லை. ஆனால் கொத்தனார் வந்து மாமியாரின் அறைச் சுவரைக் கடப்பாரையால் லேசாகக் கொத்திப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். அது மண் சாந்தில் கட்டின பழைய சுவர். பத்துக்குப் பன்னிரண்டு அறைக்கு ஐந்து அங்குலத் தளம் போட்டால் தளத்தின் எடை மட்டும் மூன்று டன்னுக்கு மேல் வரும். இந்தச் சுவர் தாங்காது என்றார். சுவரை எடுத்துக் கட்டக் காசு இல்லை. பழைய வீட்டுக்கு மேல் தளம் போட நினைப்பவர்கள் கூரையைப் பார்ப்பதற்கு முன் சுவரையும் கடைக்காலையும் காட்டிவிடுங்கள். காசு கொடுத்தாவது விஷயம் தெரிந்த ஒருவரைக் கூட்டி வந்து காட்டுங்கள்.

ஆக, சண்டையைக் கொத்தனாரின் கடப்பாரையே தீர்த்து வைத்தது! பின்னால் செங்கல், சிமென்ட் வைத்துக் கட்டிய இரண்டு அறைக்குத் தளம்; புயல் வந்தால் எல்லாரும் ஒதுங்க ஓர் இடம் ஆயிற்று. கூடம் ஒரு பாதி, மாமியார் அறை, சமையலறை மூன்றுக்கும் தேறின 700 ஓடு. தாழ்வாரத்தை அப்போதைக்கு அப்படியே விட்டுவிட்டோம்.

தளம் போட்ட மறுநாளிலிருந்து மேலே பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தியது என் வேலை. ஏழு நாளாவது காயாமல் வைக்கணும், வெயில் காலமானால் பத்து நாளாவது. ஏணியில் குடம் குடமாக ஏற்றினேன். இடுப்பு விட்டுப்போயிற்று, ஆனால் ஒரு கீறல் விழவில்லை.

இப்போது என் முட்டாள்தனம். தளத்துக்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து சுருக்கி போட்டு, அதன் மேல் தட்டோடு பதிக்கணும் என்று கொத்தனார் சொன்னார். அந்தக் காலத்தில் கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீரைத் தெளித்துப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டையால் தட்டுவார்கள், பார்த்திருப்பீர்கள். “அதை அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்” என்று நான்தான் நிறுத்தினேன். மிச்சப்பட்ட காசில் புது அறைக்கு வர்ணமும் விசிறியும் வாங்கினேன். மகளுக்கும் குழந்தைக்கும் அந்த அறை என்று ஆசையாகத் திரை எல்லாம் தைத்து மாட்டினேன்.

மே மாதம் பேத்தி பிறந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த முதல் ராத்திரியே அழுகை. தளம் பகலெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டு ராத்திரி பூராவும் அதைக் கீழே கக்குகிறது. விசிறி போட்டால் அனல் காற்று. மூன்றாம் நாள் குழந்தையின் கழுத்து, மடிப்பு எல்லாம் வேர்க்குரு. சோர்ந்து சோர்ந்து தூங்குகிறாள், பால் குடிப்பது குறைந்துவிட்டது, துணி நனைவதும் குறைவு. நான் பயந்துபோய், “ரெண்டு சங்கு வெந்நீர் ஆறவெச்சுக் கொடுப்போமா?” என்றேன். நல்லவேளை, கொடுக்கவில்லை. டாக்டரம்மாவிடம் எடுத்துக்கொண்டு ஓடினோம். அவர் என்னைத்தான் கண்டித்தார். ஆறு மாதம் வரை தண்ணீர்கூட வேண்டாம், எந்த வெயிலிலும் தாய்ப்பாலே போதும், அடிக்கடி கொடுக்கணும். தாய்தான் நிறையத் தண்ணீர் குடிக்கணும். குழந்தையைச் சுற்றிப் பொதியாமல் மெல்லிய பருத்தித் துணி போதும். வேர்க்குருவுக்குப் பவுடரை அள்ளிக் கொட்டாமல், தண்ணீரில் நனைத்த துணியால் ஒற்றி எடுத்துக் காற்றாட விடணும். “சிறுநீர் குறைஞ்சு, குழந்தை துவண்டு போனா ஒரு நிமிஷம்கூட வீட்டுல வெச்சிருக்காதீங்க. முதல்ல அந்த அறையை மாத்துங்க” என்றார்.

வீட்டுக்கு வந்ததும் மாமியார் ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. “ஏம்மா, புள்ளையத் தூக்கிக்கிட்டு என் ரூமுக்கு வாங்க. நான் கூடத்துல படுத்துக்கறேன்” என்று பாயைச் சுருட்டிக்கொண்டு எழுந்தார். ஓட்டுச் சந்து வழியாகச் சூடு மேலே போய்விடுகிற அந்தப் பழைய அறையில் என் பேத்தி அன்று ராத்திரிதான் நன்றாகத் தூங்கினாள். அந்தத் திரையை நான் மறுநாள் கழற்றிவிட்டேன்.

அடுத்த மாதமே கடன் வாங்கிச் சுருக்கி போட்டுத் தட்டோடு பதித்தோம். வித்தியாசம் நன்றாகவே தெரிந்தது. மழை நீர் தேங்காமல் ஓடும்படி வாட்டமும் அப்போதுதான் சரியாக வந்தது. சுருக்கி போட வசதி இல்லாதவர்கள் வெள்ளையாவது அடியுங்கள். வெள்ளை நிறம் வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும். தெலங்கானாவில் 2023-ல் இதற்கென்று அரசாங்கமே ஒரு திட்டம் கொண்டு வந்திருக்கிறார்கள். கிளிஞ்சல் சுண்ணாம்பை முதல் நாளே ஊறவைத்து வடிகட்டி, கொஞ்சம் பசை கலந்து, மொட்டைமாடியைக் கழுவி ஈரமாக்கிக்கொண்டு, இரண்டு மூன்று கை அடிக்கணும். கண்ணில் தெறிக்காமல் ஜாக்கிரதை. மாசிக் கடைசியில் அடித்தால் கோடை முழுக்க நிற்கும். மழைக்குக் கரையும், அடுத்த வருஷம் மறுபடி அடிக்க வேண்டியதுதான்.

ஓட்டுப் பக்கத்துக்கும் வருஷத்தில் ஒரு நாள் உண்டு. ஐப்பசி மழைக்கு முன்னால், ஆவணியிலேயே ஆசாரியைக் கூப்பிட்டு ஏறிப் பார்க்கச் சொல்கிறேன். போன தடவை 23 ஓடு மாற்ற வேண்டி வந்தது. ஒரு கம்பெனி ஓடு இன்னொரு கம்பெனி ஓட்டோடு கவ்வாது, ஒரே முத்திரையாகப் பார்த்து வாங்கணும். பழைய ஓடு கிடைப்பது குதிரைக்கொம்பாகிவிட்டது. ஷீட்டே போடுவோம் என்று முதலில் சொன்ன என் வீட்டுக்காரர்தான், எங்கேயாவது ஓட்டு வீட்டை இடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டால் இப்போது சைக்கிளில் சாக்கைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்.