விடுப்பு முடிந்த மறுநாள்

குழந்தை வளர்ப்புக்காகவோ நோயின் காரணமாகவோ ஒருவர் ஊதியப் பணியிலிருந்து விலகியிருக்கும் காலம் நிர்வாக வழக்கில் பணி இடைவெளி என்றும், நேர்காணல் அறைகளில் 'கேப்' என்றும் வழங்குகிறது. இந்த இடைவெளி எப்போது தொடங்கலாம், எத்தனை வாரம் நீளலாம், அக்காலத்துக்கு எவ்வளவு ஊதியம் என்பவற்றை இந்தியச் சட்டங்கள் நுணுக்கமாக வரையறுத்துள்ளன. ஆனால் விலகியவர் எந்த வேலைக்கு, எந்த நேர ஒழுங்கில், எந்த இடத்துக்குத் திரும்புவார் என்பதைப் பற்றி அவை சொல்வது மிகக் குறைவு.

1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம் 2017இல் திருத்தப்பட்டபோது, முதல் இரண்டு குழந்தைகளுக்கான ஊதிய விடுப்பு 12 வாரங்களிலிருந்து 26 வாரங்களாக உயர்ந்தது. 50 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் நிறுவனங்கள் குழந்தைகள் காப்பகம் அமைக்க வேண்டும் என்றும், தாய் நாளொன்றுக்கு நான்கு முறை அங்கு சென்றுவர அனுமதிக்க வேண்டும் என்றும் விதி வந்தது. இந்த ஏற்பாடுகள் 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் தொடர்கின்றன. தமிழ்நாடு அரசு ஊழியர்களுக்கோ 2021 ஜூலை முதல் இவ்விடுப்பு 12 மாதம். பிரசவத்தைத் தொடர்ந்து தாய்க்கு நோய் வருமானால் கூடுதலாக ஒரு மாத ஊதிய விடுப்பு உண்டு என்கிறது சட்டம். மகப்பேறும் நோயும் ஒரே உடலில் சேர்ந்து வரக்கூடும் என்பதை அது அறிந்திருக்கிறது என்பதற்கு இதுவே சான்று, அந்த அறிவு ஒரு மாதத்தோடு நின்றுவிடுகிறது என்பதற்கும் இதுவே சான்று.

விடுப்பு முடிந்து திரும்பும் நாள் எப்படியிருக்கும் என்பதற்கு மதுரையை எடுத்துக்கொள்ளலாம். திருப்பரங்குன்றம் சாலையில் அமைந்த பசுமலையில் வசிக்கும் ஒரு பெண்ணுக்கு இலந்தைக்குளம் தகவல் தொழில்நுட்பப் பூங்காவில் வேலை என்றால் அவர் ஏறத்தாழ நகரம் முழுவதையும் கடந்தாக வேண்டும். சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்ற 2021ஆம் ஆண்டு அறிவிப்பு செலவைக் குறைத்ததே தவிர, பயண நேரத்தைக் குறைக்கவில்லை. இதனினும் பெரிய சிக்கல் குழந்தையின் வயதில் இருக்கிறது. 26 வாரம் முடியும்போது குழந்தைக்கு ஏறக்குறைய ஆறு மாதம். அங்கன்வாடியின் முன்பருவக் கல்வியோ இரண்டு வயதில்தான் தொடங்குகிறது. இடையிலுள்ள ஒன்றரை ஆண்டைக் காப்பகம் இல்லாத சிறு நிறுவனத்தில் வேலைபார்க்கும் தாய் எப்படிக் கடப்பது என்ற கேள்விக்குச் சட்டத்தில் விடையில்லை. நடைமுறையில் பாட்டியே விடை. பாட்டி இல்லாத வீட்டில், அல்லது பாட்டியே படுத்த படுக்கையாகிவிட்ட வீட்டில், அந்த ஒன்றரை ஆண்டு ஐந்தாறு ஆண்டாக நீள்வது வியப்பன்று. 2023இல் பொருளாதார நோபல் பரிசு பெற்ற கிளாடியா கோல்டின், ஒரே தொழிலில் உள்ள ஆண் பெண் ஊதிய வேறுபாடு முதல் குழந்தையின் பிறப்போடு விரிவடைகிறது என்று அமெரிக்கத் தரவுகளைக் கொண்டு நிறுவினார். மதுரைக்கு அது புதுச் செய்தியாக இருக்க முடியாது.

நோயின் பக்கம் சட்டத்தின் குறை வேறுவிதமானது. ஊதிய வரம்புக்குட்பட்ட தொழிலாளர்கள் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டத்தில், அதாவது ஈ.எஸ்.ஐ.யில், ஆண்டுக்கு 91 நாள் வரை 70 விழுக்காடு ஊதியத்தை நோய்க்கால உதவியாகப் பெறலாம். காசநோய், புற்றுநோய் போன்ற நெடுநாள் நோய்களுக்கு, தகுதி நிபந்தனைகள் நிறைவேறினால், 80 விழுக்காட்டு உதவி இரண்டு ஆண்டு வரை நீளும். மதுரையின் தத்தனேரி ஈ.எஸ்.ஐ. மருத்துவமனைக்குச் செல்லும் தொழிலாளிக்கு இது பெரிய துணைதான். ஆனால் இத்திட்டத்தின் பார்வையில் ஒருவர் பணிக்குத் தகுதியற்றவர் அல்லது தகுதியுள்ளவர். சிகிச்சை முடிந்து, நாளுக்கு நான்கு மணி நேரம் மட்டுமே நிற்க முடிகிற ஒருவருக்கு அதில் இடமில்லை. பிரிட்டனில் 2010இல் மருத்துவச் சான்றிதழின் வடிவம் மாற்றப்பட்டு, 'இன்னின்ன மாற்றங்கள் செய்தால் பணிபுரியலாம்' என்று மருத்துவர் எழுத வழி செய்யப்பட்டது. ஜெர்மனியில் நோய்க்கால உதவித்தொகையைப் பெற்றுக்கொண்டே சில மணி நேரத்தில் தொடங்கிப் படிப்படியாக முழு நேரத்துக்குத் திரும்பும் முறை இருக்கிறது.

இத்தகைய படிப்படியான திரும்புதலுக்கு மதுரையிலேயே புகழ்பெற்ற சான்று ஒன்று உண்டு. 1918இல் வடமலாபுரத்தில் பிறந்த கோ. வெங்கடசாமி, மகப்பேறு மருத்துவராகும் எண்ணத்தோடு மருத்துவம் பயின்று, இராணுவ மருத்துவப் பிரிவில் பணியாற்றி, கடுமையான முடக்குவாதத்தால் 1948இல் அப்பணியிலிருந்து விடுவிக்கப்பட்டார். மூட்டுகளைத் தாக்கி விரல்களைக் கோணச்செய்யும் அந்நோய் அவரை ஓராண்டுக்கும் மேலாகப் படுக்கையில் கிடத்தியது. பேனாவைப் பிடிப்பதே அரிதாயிற்று. எழுந்தபின் அவர் பழைய துறைக்குத் திரும்பவில்லை. மகப்பேறு மருத்துவம் கோரும் உடலுழைப்பு இனி இயலாது என்று கணித்து, உட்கார்ந்து செய்யக்கூடிய கண் மருத்துவத்தைத் தேர்ந்தெடுத்து, தம் விரல்களின் வடிவத்துக்கேற்பக் கருவிகளை வடிவமைத்துக்கொண்டு கண்புரை அறுவை சிகிச்சையைப் பயின்றார். 1956இல் மதுரை மருத்துவக் கல்லூரியின் கண் மருத்துவத் துறைக்குத் தலைவரானார். அரசுப் பணியில் இருபது ஆண்டைக் கழித்து ஓய்வுபெற்று, 1976இல் ஒரு வீட்டில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். வாழ்நாளில் அவர் செய்த அறுவை சிகிச்சைகள் ஒரு லட்சத்துக்கும் மேல்.

இவ்வரலாறு மதுரையில் பெரும்பாலும் மனவுறுதியின் கதையாகவே சொல்லப்படுகிறது. அப்படிச் சொல்வதில் ஓர் ஆபத்து இருக்கிறது: திரும்ப முடியாதவர்களுக்கு மனவுறுதி போதவில்லை என்ற முடிவு அதில் மறைந்து நிற்கிறது. உண்மையில் அவரை மீட்டவற்றில் துறைமாற்றமும், திருத்தப்பட்ட கருவியும், பழகிக்கொள்ளக் கிடைத்த கால அவகாசமும், நோயின் சுவடுகள் தெரிந்த கைகளோடு வந்தவரைத் துறைத்தலைவராக ஏற்ற அரசு நிறுவனமும் அடங்கும். இவற்றுள் கருவி ஒன்றைத்தான் அவரால் தாமே செய்துகொள்ள முடிந்தது.

பணி இடைவெளியை ஒரு குறையாகக் கருதாமல் தகுதி நிபந்தனையாகவே மாற்றிய முயற்சிகளும் நாட்டில் உண்டு. மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை 2002-03இல் தொடங்கிய பெண் விஞ்ஞானிகள் திட்டம் ஆய்விலிருந்து விலகிய பெண்களுக்கென்றே நிதி ஒதுக்கியது. டாடா குழுமம் 2008இல் இரண்டாம் பணிவாழ்வுக்கான பயிற்சித் திட்டத்தை அறிமுகப்படுத்தியது. முனைவர் பட்ட ஆய்வில் பெண்களுக்குக் கூடுதலாக இரண்டு ஆண்டும் 240 நாள் வரை விடுப்பும் பல்கலைக்கழக மானியக் குழு அளிக்கிறது. இவையெல்லாம் ஆய்வுப் பட்டமோ பெருநிறுவன அனுபவமோ உள்ளவர்களை எட்டுகின்றன. சுயநிதிக் கல்லூரி விரிவுரையாளர், தனியார் மருத்துவமனைச் செவிலியர், ஜவுளிக்கடை விற்பனையாளர் ஆகியோருக்கு இவற்றால் பயன் குறைவு. வேலையை விட்டவர் மீண்டும் சேரும்போது புதியவராகவே கணக்கிடப்பட்டு, முந்தைய சர்வீஸ் ஊதியத்தில் சேராமல் போவதுண்டு.

அண்மைக்கால ஆணைகளில் திரும்பும் நாளை நேராக எதிர்கொண்டது காவல்துறை பற்றியது. மகப்பேறு விடுப்பு முடிந்து வரும் பெண் காவலர்களுக்கு, பெற்றோரோ கணவர் வீட்டாரோ வசிக்கும் மாவட்டத்தில் மூன்று ஆண்டு பணியிடம் அளிக்கப்படும் என்று 2024 ஆகஸ்டில் தமிழக முதலமைச்சர் அறிவித்தார். குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு இதிலும் குடும்பத்தின் தலையிலேயே விழுகிறது என்ற குறை நியாயமானதே. எனினும் மூன்று ஆண்டு என்பது, அங்கன்வாடியில் சேரும் வயதுக்கு முன்னுள்ள அந்த வெற்றிடத்தைத் தாண்டும் அளவு நீளமானது. புதிய கட்டடமோ உதவித்தொகையோ இதற்குத் தேவைப்படவில்லை, இடமாற்றப் பட்டியலைத் தயாரிக்கும் முறை மாறினால் போதும். பல கிளைகளை நடத்தும் மருத்துவமனைகளும் பள்ளிக் குழுமங்களும் அதே பட்டியலைத்தான் ஆண்டுதோறும் தயாரிக்கின்றன.