கரிசல் மண்ணில் கால்பந்துத் திடல் அமைக்கும் முறை

பல்கலைக்கழகக் கால்பந்துக் குழு என்றதும் அடுக்கடுக்கான பார்வையாளர் மாடமும், இரவைப் பகலாக்கும் விளக்குக் கம்பங்களும், ஆட்டக்காரர்களுக்கான ஓய்வறைகளும் நம் கண்முன் வருகின்றன. இவை எல்லாவற்றுக்கும் முந்திய தேவை ஒன்று உண்டு. அது ஆட்டக்காரரின் காலடியில் உள்ள ஓர் அடி மண்ணாகும். அந்த மண்ணைப் பக்குவப்படுத்தாமல் எழுப்பும் மாடம், கிணறு வெட்டாமல் வாங்கிய பம்புசெட்டைப் போன்றது.

விளாத்திகுளம், புதூர், எட்டயபுரம் வட்டாரப் பிள்ளைகள் மேற்படிப்புக்குச் செல்லும் கல்லூரிகளில் பல, 1990-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவை. பல்கலைக்கழகக் குழுவில் இடம்பெறும் தகுதியை அவர்கள் பள்ளி வயதிலேயே, ஊர்ப் பொட்டலிலேயே வளர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. நம் ஊர்ப் பொட்டல் பெரும்பாலும் கரிசல். மழையில் காலை இழுக்கும். கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். வெடிப்பில் கால் சிக்கினால் கணுக்கால் பிசகும், முழங்கால் தசைநார் அறுந்துபோகும். ஒரு பருவம் வெள்ளாமை பொய்த்தால் அடுத்த பருவம் உண்டு. பதினாறு வயதில் கெட்ட முழங்காலுக்கு அப்படி அடுத்த பருவம் எளிதில் வாய்ப்பதில்லை.

ஆகவே, பெரிய பல்கலைக்கழகங்களும் அரங்கங்களும் கற்ற பாடங்களில் நமக்குப் பொருந்துவன எவை, கரிசலில் மானாவாரியாகவே ஒரு திடலை வளர்ப்பது எப்படி என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

பெரிய அரங்கங்கள் கற்ற பாடம்

அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக அரங்கம் 1927-இல் திறக்கப்பட்டது. ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அமரும் அரங்கம் அது. அங்கு ஆடப்படுவது, பந்தைக் கையில் ஏந்தியும் ஓடும் அமெரிக்க வகைக் கால்பந்தாகும். அந்த ஆடுகளம் நிலத்தடி நீர்மட்டத்துக்கும் கீழே அமைந்துவிட்டது. அதனால் புல்லைப் பேணுவது பெரும்பாடாயிற்று. 1969-இல் செயற்கைத் தரை, 1991-இல் மீண்டும் புல், 2003-இல் மறுபடியும் செயற்கைத் தரை என்று மாற்றிக்கொண்டே வந்தார்கள். இலட்சம் இருக்கைகள் இருந்தும் அடிமண்ணின் ஈரத்தை வெல்வது எளிதாக இல்லை. வடிகால் இல்லாத இடத்தில் புல் நிலைக்காது என்பது இதிலிருந்து நாம் கொள்ளவேண்டிய பாடம்.

நம் நாட்டிலும் சான்று உண்டு. கொல்கத்தா சால்ட் லேக் அரங்கம் 1984-இல் திறக்கப்பட்டது. 2011-இல் அங்கே செயற்கைத் தரை விரிக்கப்பட்டது. 2017-இல் பதினேழு வயதுக்குட்பட்டோருக்கான உலகக் கோப்பைப் போட்டி நம் நாட்டில் நடைபெற்றபோது, அதன் இறுதி ஆட்டம் அதே அரங்கில் இயற்கைப் புல்லின்மீதுதான் ஆடப்பட்டது. செயற்கைத் தரையை எடுத்துவிட்டுப் புல்லை மீண்டும் வளர்த்திருந்தார்கள்.

செயற்கைத் தரை நம் வெயிலுக்கு ஏற்றதன்று. வெயில் நாளில் அதன் மேற்பரப்பு வெப்பம் 60 பாகை செல்சியசையும் தாண்டியதாக அளவீடுகள் உள்ளன. சூட்டைத் தணிக்க அதன்மீதும் தண்ணீர் தெளிக்க வேண்டும். சில ஆண்டுகளில் தேய்ந்ததும் முழுவதையும் பெயர்த்துப் புதிதாக விரிக்க வேண்டும். தேய்ந்த புல்லோ மழை கண்டதும் தானே தளிர்க்கும்.

இத்துறையில் வேளாண் விஞ்ஞானிகளின் பங்கு பெரிது. 1994 உலகக் கோப்பையின்போது கூரையிட்ட ஓர் அரங்குக்குள் இயற்கைப் புல் தேவைப்பட்டது. வேளாண் கல்லூரியாகப் பிறந்து வளர்ந்த மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தார் புல்லை அறுகோணத் தட்டுகளில் வளர்த்து, உள்ளே கொண்டு சென்று பொருத்தினார்கள். திடல் என்பது கட்டடமாக எழுவதன்று, பயிராக வளர்வது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. எனவே பயிருக்குரிய முறையிலேயே மேலே செல்வோம்.

இடத்தேர்வும் அளவும்

பெரிய போட்டிகளுக்குரிய ஆடுகளம் 105 மீட்டர் நீளமும் 68 மீட்டர் அகலமும் உடையது. சுற்றிலும் 3 மீட்டர் விளிம்பு விட்டால் ஏறத்தாழ 2 ஏக்கர் தேவைப்படும். இடம் குறைவாக இருந்தால் 90 மீட்டர் நீளம், 45 மீட்டர் அகலம் வரை குறைத்துக்கொள்ளலாம். ஆட்ட விதிகள் இதற்கு இடம் தருகின்றன.

கோல் கம்பங்கள் வடக்கிலும் தெற்கிலும் நிற்குமாறு திடலை அமைக்க வேண்டும். அப்பொழுதுதான் மாலை வெயில் கோல் காப்பாளரின் கண்ணில் நேராக விழாது. கண்மாய், ஊருணி, ஓடை ஆகியவற்றின் உட்பகுதியைத் திடலுக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது. நீர்வரத்து கெடுவதோடு, மழைக்காலத்தில் திடலும் மூழ்கிவிடும்.

நிலம் தயாரித்தல்

கோடை உழவு செய்து, கட்டிகளை உடைத்து, சுண்ணாம்புக் கற்களையும் வேலிக்கருவை முட்களையும் வேர்களையும் பொறுக்கி அகற்ற வேண்டும். முள் பொறுக்கும் வேலையை ஒரு தடவையோடு நிறுத்திவிடக் கூடாது. இரண்டு மூன்று தடவை செய்ய வேண்டும்.

அடுத்து மேடு அமைத்தல். வடக்குக் கோலின் நடுவிலிருந்து தெற்குக் கோலின் நடுவரை ஒரு கோடு இழுங்கள். திடலின் முதுகெலும்பு அதுவே. அங்கிருந்து இரு பக்கமும் 100-க்கு 1 என்ற சரிவு கொடுக்க வேண்டும். பக்கக் கோடு 34 மீட்டர் தொலைவில் இருப்பதால், நடு முதுகு பக்கக் கோட்டைவிட 34 செ.மீ. உயர்ந்திருக்கும். இச்சரிவு ஆட்டத்துக்குத் தடையாக இராது. மழைநீரோ நில்லாமல் ஓடிவிடும்.

விளிம்புக்கு வெளியே சுற்றிலும் வடிகால் எடுத்து, ஜல்லி நிரப்பி, மேலே மணல் பரப்பிவிட வேண்டும். திறந்த வடிகாலில் ஓடி வருகின்ற பிள்ளைகள் விழ நேரிடும். கரிசல் ஈரத்தில் உப்பி, காய்ச்சலில் சுருங்கும் இயல்புடையது. ஆகையால் முதல் சமன்படுத்தலோடு வேலை முடிந்துவிடாது. ஒரு மழைக்காலம் கழிந்ததும் பள்ளம் விழுந்த இடங்களை மறுபடியும் நிரவ வேண்டும்.

கரிசலில் கொஞ்சம் மணலைக் கலந்துவிட்டால் போதும் என்று பலரும் எண்ணுகின்றனர். இது தவறு. களிமண்ணோடு சிறிதளவு மணல் சேர்ந்தால் அது காய்ந்ததும் செங்கல்லைப்போல் இறுகிவிடும். மணலே மிகுதியாக இருந்தால்தான் பயன் உண்டு. திடல் முழுவதற்கும் 10 செ.மீ. கனத்தில் மணற்பாங்கான செம்மண் பரப்ப 800 கன மீட்டருக்குமேல் வேண்டும். இது ஊராட்சிக்கோ பள்ளிக்கோ கட்டுப்படியாகாது.

ஆனால், திடலில் மிகுதியாகத் தேய்வது கோல் வாய்ப்பகுதியே. கோலை ஒட்டிய சிறு கட்டம் ஒவ்வொன்றும் 100 சதுர மீட்டர் அளவுதான். அந்த இரண்டு கட்டங்களில் மட்டும் 15 செ.மீ. கரிசலை எடுத்துவிட்டு மணற்பாங்கான செம்மண் நிரப்பலாம். இரண்டுக்கும் சேர்த்து 30 கன மீட்டர், அதாவது ஏறத்தாழ 11 யூனிட் மண் போதும். உரிய அனுமதி பெற்ற இடத்திலிருந்தே மண் எடுக்க வேண்டும். தோண்டிய பகுதியின் அடித்தளம் வடிகாலை நோக்கிச் சரிந்து, நீர் வெளியேற வழியும் இருக்க வேண்டும். இல்லையேல் அது தொட்டிபோல் நீரைத் தேக்கி வைத்துக்கொள்ளும்.

புல்லும் நடவும்

“அருகைப் பிடுங்கி மாளவில்லை, அதையா நடச் சொல்கிறீர்கள்?” என்று நீங்கள் கேட்கலாம். புன்செயில் நமக்குத் தொல்லை தரும் குணங்களே திடலில் அருகுக்குப் பெருமை சேர்க்கின்றன. மிதிபட்டாலும் தளிர்க்கும், வறட்சியில் மஞ்சளாகி உறங்கினாலும், தரைக்கீழ்த் தண்டில் உயிர் பிடித்திருந்து மழையில் விழித்துக்கொள்ளும், களர்த்தன்மையையும் ஓரளவு தாங்கும்.

உலகின் பல ஆடுகளங்களில் உள்ள டிஃப்வே என்னும் புல்லும் நம் அருகின் உறவுதான். அருகும் தென்னாப்பிரிக்கப் புல் ஒன்றும் கலந்து தோன்றிய இந்த ஒட்டுப்புல், அமெரிக்காவின் டிஃப்டன் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து 1960-இல் வெளியிடப்பட்டது. அங்கு இப்பணியை நடத்திய கிளென் பர்ட்டன் என்னும் அறிஞரே டிஃப்ட் 23 ஏ என்ற ஆண் மலட்டுக் கம்பையும் உருவாக்கியவர். அதைக் கொண்டே நம் நாட்டின் முதல் வீரிய ஒட்டுக் கம்பான எச்.பி.1, 1965-இல் வெளிவந்தது. மானாவாரிக் கம்பும் கால்பந்துப் புல்லும் ஒருவர் கையில் சீர்திருந்தின என்பது நம் வட்டார உழவர்கள் அறிய வேண்டிய செய்தி.

ஒட்டுப்புல் வகைகளுக்குத் தவறாத நீரும் அடிக்கடி வெட்டும் தேவை. மானாவாரித் திடலுக்கு நம் வரப்போர அருகே போதும். ஒவ்வொன்றிலும் மூன்று கணுக்கள் இருக்குமாறு கொடிகளை நறுக்கி, இரு கணுக்கள் மண்ணுள்ளும் ஒன்று வெளியிலும் இருக்கும்படி 20 செ.மீ. இடைவெளியில் நட வேண்டும். ஆடுகளம் முழுவதற்கும் ஏறத்தாழ ஒன்றே முக்கால் இலட்சம் துண்டுகள் வேண்டும். ஊர் கூடி நடுவதற்கு ஏற்ற வேலை இது.

புரட்டாசிக் கடைசியிலோ ஐப்பசித் தொடக்கத்திலோ மண் நனையும் மழை கிடைத்ததும் நடவேண்டும். வடகிழக்குப் பருவமழையே புல்லை வளர்த்துக் கொடுத்துவிடும். முதல் மூன்று வாரங்களில் மழை தவறினால் மட்டும் உயிர்த்தண்ணீர் விடவும். முதல் ஆண்டில் பொங்கல் வரை திடலில் பந்து உருளக் கூடாது. இளைஞர்களுக்கு இது பொறுக்க முடியாத காலம்தான். முளைத்த கம்பில் மாட்டை விடுவோமா என்று அவர்களிடம் கேளுங்கள்.

அடுத்துள்ள புன்செய்க்காரருக்கு அருகு பரவும் என்ற அச்சம் நியாயமானதே. திடலின் எல்லையில் பயிரில்லாத ஒரு பாதை விட்டு, ஆண்டுக்கு இருமுறை கொத்தி, எட்டிப் பார்க்கும் கொடிகளை அகற்ற வேண்டும். திடலில் ஓட்டிய கலப்பையைத் துப்புரவு செய்யாமல் புன்செய்க்குள் இறக்கக் கூடாது.

உரமிடுதல்

மண் ஆய்வு செய்து உரமிடுவதே சிறந்தது. பொதுவாக நம் கரிசலில் தழைச்சத்தும் மணிச்சத்தும் குறைவு. சாம்பல்சத்து போதிய அளவு உண்டு. நடவுக்கு முன் நன்கு மக்கிய எருவும் சூப்பர் பாஸ்பேட்டும் இடவேண்டும். நட்ட ஒரு மாதத்தில் 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றை 2 ஏக்கருக்கும் சீராகத் தூவவும். மார்கழியில் ஈரம் இருந்தால் இன்னொரு மூட்டை இடலாம். காய்ந்த மண்ணில் யூரியா தூவுவது வீண் செலவாகும்.

நீர் நிர்வாகம்

இக்கட்டுரையில் நாம் மிகவும் வலியுறுத்த விரும்புவது இப்பகுதியைத்தான். 2 ஏக்கர் திடலுக்கு 1 மில்லிமீட்டர் நீர் என்பது 8,200 லிட்டர். கோடையில் புல்லைப் பச்சையாகவே வைத்திருக்க நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் கொடுத்தால் 41,000 லிட்டர் செலவாகும். குடத்துடன் குடிநீருக்குக் காத்திருக்கும் ஊரில் இவ்வளவு நீரைப் புல்லுக்கு விடுவது முறையன்று. பல்கலைக்கழக அரங்கைப் பார்த்து நாம் எடுத்துக்கொள்ளக் கூடாத பழக்கம் இது.

கோடையில் புல் மஞ்சளாகட்டும், அது சாகாது. அதே திடலில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 82,000 லிட்டர் நீர் விழுகிறது. அதில் பாதி வழிந்து வந்தாலும் 41,000 லிட்டர். வடிகாலின் கடைமுனையில் வேலியிட்ட ஒரு பண்ணைக்குட்டை வெட்டி அந்த நீரைச் சேமித்து, கோல் வாய்ப்பகுதிகளுக்கும் நிழல் மரங்களுக்கும் பயன்படுத்தலாம்.

பின்செய் நேர்த்தி

புல்லை 3 முதல் 4 செ.மீ. உயரத்தில் வைத்திருக்க வேண்டும். ஒரே வெட்டில் மூன்றில் ஒரு பங்குக்குமேல் வெட்டக் கூடாது. கோரை, பார்த்தீனியம் ஆகியவற்றைப் பூக்குமுன் வேரோடு எடுத்துவிட வேண்டும்.

ஈரக் கரிசலில் ஆடினாலும், மாடுகளை விட்டாலும் குழிகள் காய்ந்து கல்லாகிவிடும். எப்பொழுது ஆடலாம் என்பதற்கு எளிய கணக்கு உண்டு. மழைக்குப்பின் உழவுக்குப் பதம் வந்தால் ஆட்டத்துக்கும் பதம் வந்துவிட்டது. சித்திரை, வைகாசியில் விரல் நுழையும் அளவு வெடித்துவிட்டால், வெடிப்புகளில் சலித்த மண்ணும் மணலும் கூட்டித் தள்ளி, அந்தப் பகுதியில் ஆட்டத்தை நிறுத்திவைக்க வேண்டும். பெரிய அரங்கங்களில் போட்டிக்கும் பயிற்சிக்கும் தனித்தனித் திடல்கள் உண்டு. நமக்கு ஒரே திடல் என்பதால், பயிற்சியின்போது கோலை இடம் மாற்றி மாற்றி வைத்துத் தேய்மானத்தைப் பகிர்ந்துகொள்ள வேண்டும்.

ஆட்டக்காரர் வசதிகள்

மாடம் கட்டுமுன் செய்ய வேண்டியவை சில உள்ளன. கோல் கம்பங்களைத் தரையில் உறுதியாகப் பொருத்த வேண்டும். சரிவரப் பிணைக்காத கம்பம் சாய்ந்து பிள்ளைகள் இறந்த நிகழ்ச்சிகள் பல நாடுகளில் நடந்துள்ளன. குடிநீர், முதலுதவிப் பெட்டி, தூக்குப் படுக்கை ஆகியவை எப்போதும் இருத்தல் வேண்டும். மண்ணிலும் சாணத்திலும் இசிவு நோய்க் கிருமிகள் இருக்கும். ஆகையால் ஆடும் பிள்ளைகள் அனைவரும் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். மேற்குப் புறத்தில், விளிம்பிலிருந்து 10 மீட்டர் தள்ளி, வேம்பும் புங்கமும் நட்டால் மாலையில் நிழல் கிடைக்கும்.

பெண்களுக்கென்று கதவும் தாழும் உள்ள கழிவறையும் உடைமாற்றும் அறையும் கட்டாயம் வேண்டும். தமிழ்நாட்டுப் பெண்கள் அணி 2018-இலும் 2023-இலும் தேசிய வாகையர் பட்டத்தை வென்றது. அந்த வழியில் செல்லக்கூடிய பெண்கள் நம் ஊர்களிலும் இருப்பார்கள். மறைவான ஓர் அறை இல்லாத காரணத்தால் அவர்கள் ஆட்டத்தை விட்டுவிடக் கூடாது.

முடிவுரை

கரிசல் வேளாண்மைக்கென 1901-இல் தொடங்கப்பட்ட கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையமும், கிள்ளிகுளம் வேளாண்மைக் கல்லூரியும் நம் மாவட்டத்திலேயே உள்ளன. திடல் அமைக்க விரும்பும் ஊராட்சித் தலைவர்களும் ஆசிரியர்களும் உழவர் பெருமக்களும் முதலில் மண் மாதிரி எடுத்து ஆய்வுக்குக் கொடுக்கலாம். கோடையில் உழுது, ஆவணிக்குள் சரிவமைத்து, ஐப்பசி மழையில் அருகு நட்டால், தைப் பொங்கலுக்குப் பிள்ளைகள் கால் பதித்து ஆட ஒரு பசுந்திடல் உங்கள் ஊரில் இருக்கும்.