வேற்றுமொழிப் பள்ளியும் பெற்றோர் மனமும்

நீச்சல் பழக்குவோன் கரையில் நின்று விளக்கங் கூறுவதில்லை. பிள்ளையை நீரில் இறக்கிவிடுகின்றான். மொழியையும் அவ்வாறே பழக்கலாமெனத் துணிந்தனர், கனடா நாட்டின் ஆங்கிலப் பெற்றோர் சிலர். மொன்றியல் நகருக்கு எதிரே, ஆற்றின் தென்கரையிலுள்ள சென் லம்பேர்ட் என்னும் ஊரில், 1965 செப்டெம்பரில், அவர்தம் முயற்சியாற் பாலர் வகுப்பொன்று தொடங்கிற்று. ஆங்கிலம் பேசும் பிள்ளைகள் 26 பேர். ஆசிரியை பேசியதோ பிரெஞ்சு மட்டுமே. ‘மூழ்கல் முறை’ எனத்தக்க அக்கல்வி இன்று கனடாவின் அரசாங்கப் பாடசாலைகள் பலவற்றிற் பரவியுள்ளது. ரொறன்ரோவில் வாழும் நம்மவர் பிள்ளைகளிற் சிலரும் அதிற் பயில்கின்றனர்.

சேர்க்கும்போது பெருமிதம்; 2ஆம் வகுப்பிற் கலக்கம். அயல்வீட்டுப் பிள்ளை ஆங்கிலக் கதைநூலைத் தடையின்றி வாசிக்கத் தம் பிள்ளை தடுமாறக் காணும் பெற்றோர், ‘விலக்கிவிடுவோமா?’ என ஏங்குகின்றனர். வீட்டுப்பாடத்துக்கு உதவத் தமக்குப் பிரெஞ்சு தெரியாமை அவ்வேக்கத்தை மிகுவிக்கின்றது.

இம்முறையில் வாசிப்பு முதலிற் பிரெஞ்சிலேயே கற்பிக்கப்படும். ஆங்கிலப் பாடம் இடத்துக்கேற்ப 2ஆம், 3ஆம் அல்லது 4ஆம் வகுப்பிலே தொடங்கும். அதுவரை ஆங்கில வாசிப்பிற் பின்தங்குதல் இயல்பே. மக்கில் பல்கலைக்கழகத்து வலஸ் லம்பேர்ட், றிச்சட் ரக்கர் ஆகிய இருவரும் சென் லம்பேர்ட் பிள்ளைகளை ஆண்டுதோறும் ஆராய்ந்து, 1972இல் நூலொன்று வெளியிட்டனர். ஆங்கிலப் பாடம் தொடங்கியபின் அக்குறை விரைவில் நீங்கியமை அவர்கள் கண்ட முடிபு. ஆதலின், இக்குறையொன்றுக்காகவே 2ஆம் வகுப்பில் விலகுவோர், விலையைக் கொடுத்துவிட்டுப் பொருளைக் கடையிலேயே விட்டுச் செல்வோராவர்.

எனினும் எல்லாத் தடுமாற்றமும் இத்தகையதன்று. எழுத்தை ஒலியோடு பொருத்த இயலாது பிரெஞ்சில் இடர்ப்படும் பிள்ளை, ஆங்கிலத்திலும் பெரும்பாலும் இடர்ப்படும். பள்ளி மாறினாலும் இடர் கூடவே செல்லும். அத்தகைய பிள்ளையின் பெற்றோர் வினவவேண்டியது, தக்க உதவி எங்கே கிடைக்கும் என்பதே. பிரெஞ்சு வகுப்பிற் சிறப்புதவி கிடையாத இடங்களும் உள. அங்கே ஊரார் மெச்சுதற்பொருட்டுப் பிள்ளையை நிறுத்திவைத்தல் கொடுமையாகும்.

முடிவுசெய்யுமுன் மற்றொன்றும் நோக்கத்தக்கது. விலகும் வாயில் எந்நாளுந் திறந்திருக்கும். மீளும் வாயில் அவ்வாறன்று. புதியோரைச் சேர்ப்பது குறித்த சில வகுப்புக்களில் மாத்திரமே. ஆகவே பிள்ளை தடுமாறத் தொடங்கியதும் அஞ்சி எழுந்துவிடாது, ஆசிரியரைக் கண்டு பேசுக. வாசிப்பைத் தேர்ச்சியுடையோரைக்கொண்டு சோதிப்பிக்குக. பிள்ளை சொல்வதையுஞ் செவிமடுக்குக.

பிரெஞ்சறியாப் பெற்றோர் கையற்றவரல்லர். சுமை குறையுமென வீட்டுத் தமிழை நிறுத்தல் வேண்டா. தாய் நன்கறிந்த மொழியிற் கதைகேட்டு, வினாவி, விடைசொல்லப் பழகிய பிள்ளை, அப்பயிற்சியை எம்மொழி வகுப்புக்கும் கொண்டுசெல்லும். நிலைத்தாலும் விலகினாலும் அத்துணை அதனுடன் இருக்கும்.