பாரம் கனமாக இருந்தால் நகராதா?

உத்திரமேரூர் வட்டாரத்தில் லாரி என்றால் கல்குவாரி லாரிதான். மதூர், பழவேரி, அருங்குன்றம், திருமுக்கூடல் பக்கத்துக் குவாரிகளில் உடைத்த கல், கிரஷரில் ஜல்லியாகவும் எம்-சாண்டாகவும் மாறி, இரவு பகல் பாராமல் வெளியூர்களுக்குப் போகிறது. திருப்புலிவனம் மாதிரியான ஊர்களில், பிள்ளைகள் சைக்கிளில் பள்ளிக்கூடம் போகிற அதே சாலையில்தான் இந்த டிப்பர்களும் ஓட வேண்டும். வேகத்தடையில் ஒரு டிப்பர் ஏறி இறங்கும்போது அதன் பின்கதவைக் கவனித்துப் பாருங்கள். கதவின் அடியில் விரல் நுழையும் அளவு இடுக்கு இருந்தால், முதல் குலுக்கலில் பொடி கொட்டும். அடுத்த குலுக்கலில் ஜல்லி இரண்டு தெறித்து, தாரில் துள்ளிக்கொண்டே லாரியின் பின்னால் கொஞ்ச தூரம் ஓடிவரும்.

அந்த ஓட்டத்தில்தான் ஆபத்து இருக்கிறது. லாரியிலிருந்து விழுகிற கல் லாரியின் வேகத்தையும் சேர்த்தே சுமந்துகொண்டு விழுகிறது. முக்கால் இஞ்ச் ஜல்லி ஒன்றின் எடை சுமார் 10 கிராம். மணிக்கு 50 கிலோமீட்டரில் லாரி வருகிறது, எதிரே அதே வேகத்தில் பைக் போகிறது என்றால், பைக்காரரின் முகத்துக்கு அந்தக் கல் மணிக்கு 100 கிலோமீட்டரில் வந்து சேரும். ஒரு கிலோ கருங்கல்லை முகத்துக்கு நேர்மேலே 40 செ.மீ. உயரத்திலிருந்து விட்டால் எவ்வளவு ஆற்றலோடு இறங்குமோ, அந்த 10 கிராமில் அதே ஆற்றல் இருக்கிறது.

சரி, ஏற்றிய பாரம் லாரியிலேயே நிற்பதற்கு எது காரணம்? "லோடு கனமா இருக்கு, அது எங்கே போகப் போகுது?" என்பது பலருக்கும் பழகிப்போன பதில். கேட்க நியாயமாகத் தோன்றும். இயற்பியல் அதை ஒப்புக்கொள்வதில்லை.

லாரி பிரேக் பிடித்தால் சக்கரம்தான் நிற்கிறது. பாரத்துக்கு பிரேக் கிடையாது. அது பழைய வேகத்திலேயே முன்னால் போகப் பார்க்கிறது. கட்டாமல் விட்டால், அதைப் பிடித்து நிறுத்துவது பாரத்துக்கும் பாடித் தகட்டுக்கும் இடையிலுள்ள உராய்வு ஒன்றுதான். உராய்வு எடைக்கு ஏற்றபடி கூடும் என்று பிரெஞ்சு அறிஞர் அமோந்தோன் 1699-இல் எழுதினார். எடை இரண்டு மடங்கானால் பிடிப்பும் இரண்டு மடங்கு. ஆனால் எடை இரண்டு மடங்கானால், அதை நிறுத்தத் தேவைப்படும் விசையும் இரண்டு மடங்காகிவிடுகிறதே! கூடிய பிடிப்பும் கூடிய தேவையும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிட, கணக்கில் எடை என்பதே காணாமல் போய்விடும். தகடு ஒன்றாக இருந்து, அடிப்பரப்பும் ஒரே மாதிரி இருந்தால், 10 கிலோ பெட்டியும் 10 டன் கருங்கல்லும் ஒரே பிரேக்கில், ஒரே கணத்தில் நழுவத் தொடங்கும். எத்தனை முறை நினைத்துப் பார்த்தாலும் எனக்கு இது வியப்பாகவே இருக்கிறது.

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும், சரக்கைக் கட்டுவதற்கான விதிகள் இந்தக் கணக்கின் மேல்தான் எழுதப்பட்டிருக்கின்றன. முன்பக்கம் நழுவாமல் இருக்க, பாரத்தின் எடையில் பத்தில் எட்டு பங்கு விசையைத் தாங்க வேண்டும். பக்கவாட்டில் பாதி எடையைத் தாங்க வேண்டும். 10 டன் கல்லுக்கு முன்பக்கம் மட்டும் 8 டன் விசை. இரும்புத் தகட்டில் உராய்வு 3 டன் கொடுத்தால், மீதி 5 டன் விசையைச் சங்கிலியும் முட்டுக்கட்டையும் கேபினுக்குப் பின்னாலுள்ள தடுப்பும் சேர்ந்துதான் கொடுத்தாக வேண்டும். கட்டாமல் விட்டால் அந்தக் கல் ஓட்டுநரின் முதுகை நோக்கித்தான் போகும்.

கட்டுகிற கயிற்றிலும் கணக்கு இருக்கிறது. லோடுமேன் கயிற்றைக் கொக்கியில் சுற்றி இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். உராய்வுக் கெழு 0.25 என்று வைத்துக்கொண்டால், ஒரு சுற்றுச் சுற்றிய கயிறு, கையால் இழுக்கும் விசையைப் போல ஏறக்குறைய 5 மடங்கு பாரத்தைத் தாங்கும். இரண்டு சுற்றுக்கு 23 மடங்கு. மூன்று சுற்றுக்கு 111 மடங்கு! துறைமுகத்தில் ஒற்றை ஆள் கப்பலின் வடத்தைத் தூணில் சுற்றிப் பிடித்து நிற்க முடிவது இதனால்தான். பதினெட்டாம் நூற்றாண்டில் ஆய்லர் இதற்குச் சமன்பாடு எழுதினார்.

கையைக் காப்பாற்றும் இந்த உராய்வே பாரத்தின் மேல் காலை வாரிவிடுவதும் உண்டு. மூட்டைகளுக்கு மேலே போட்ட கயிறு, ஒவ்வொரு மூலையிலும் திரும்பும்போது தன் இழுவிசையில் கொஞ்சத்தை அந்த மூலையிலேயே விட்டுவிடுகிறது. இந்தப் பக்கம் நின்று முறுக்கியவர் இறுகிவிட்டது என்று நினைப்பார். அந்தப் பக்கத்தில் கயிறு தளர்ந்திருக்கும். இரண்டு பக்கமும் போய் இழுத்துப் பார்க்க வேண்டும். கயிறு இறங்கும் கோணத்தையும் பார்க்க வேண்டும்: செங்குத்தாக இறங்கினால் முழு விசையும் பாரத்தை அமுக்கும், 30 டிகிரியில் படுத்துக் கிடந்தால் பாதிதான். போதாததற்கு, ஓட ஓட மூட்டைகள் குலுங்கிப் படிந்துவிடும், கயிறு தொளதொளத்துவிடும். அமெரிக்காவில் ஓட்டுநர், கிளம்பிய முதல் 50 மைலுக்குள், அதாவது 80 கிலோமீட்டருக்குள், ஒரு முறை நிறுத்திக் கட்டுகளைச் சோதிக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது.

ஜல்லியையும் மணலையும் கயிற்றால் கட்ட முடியாது. அவை நிற்பது தங்கள் சாய்வின் தயவில். காய்ந்த ஜல்லியைக் கொட்டினால் சுமார் 35 முதல் 40 டிகிரிச் சாய்வில் குவியும். அதற்கு மேல் செங்குத்தானால் சரியும். லாரி பிரேக் பிடிக்கும்போது என்ன ஆகிறது? புவியீர்ப்பில் பத்தில் மூன்று பங்கு அளவுக்கு வேகம் குறைந்தால், குவியலைப் பொறுத்தவரை ‘கீழே’ என்ற திசையே 17 டிகிரி முன்னால் சாய்ந்துவிடும். 37 டிகிரியில் அமைதியாக நின்ற சரிவு, அந்த நொடியில் 54 டிகிரிச் சரிவாகிறது. உருளாமல் என்ன செய்யும்? எடை சட்டத்துக்குள்ளேயே இருந்தாலும், பாடி மட்டத்துக்கு மேலே கோபுரமாகக் குவித்த பாரம் ஆபத்தானதுதான். இன்னொன்றும் உண்டு: பலவித அளவில் கலந்த கல்லைக் குலுக்கினால், சிறியவை இடுக்குகளில் இறங்கிவிடும், பெரியவை மேலே ஏறும். சாலைக் குலுக்கலே பெரிய கற்களைப் பொறுக்கி உச்சியில் கொண்டுபோய் வைக்கிறது.

எம்-சாண்ட் வேறு வகை. இந்தியத் தர நிர்ணயம் (ஐ.எஸ். 383, 2016) உடைத்த மணலில் 75 மைக்ரானுக்குக் குறைந்த பொடி 15 சதவீதம் வரை இருக்கலாம் என்கிறது. 75 மைக்ரான் என்றால் தலைமுடியின் தடிமன்தான். ஈரமாக இருக்கும்வரை தண்ணீர்ப் படலம் மணலைப் பிடித்து வைத்திருக்கும். வெயிலும் காற்றும் உச்சியைக் காயவைத்ததும் அந்தப் பிடி போய்விடும். பின்னால் வருகிறவர் கண்ணைக் கசக்குவது அப்போதுதான். தார்ப்பாய் ஒன்று போதும், காற்று மணலைத் தொடாது.

சட்டம் எடையில் கடுமையாக இருக்கிறது. 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-ஆம் பிரிவு, ஓவர்லோடுக்கு 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் விதிக்கிறது. மிகையை இறக்காமல் வண்டி நகரக் கூடாது. எடை போட மறுத்தால் 40,000. பாரம் பாடிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் 20,000. சரியாக அடுக்கிய பிறகே வண்டியை எடுக்கலாம். இந்தக் கடுமைக்குக் காரணம் உண்டு. 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் லாரிகளை ஓட்டிப் பார்த்த பெரிய சாலைச் சோதனையில், அச்சின் எடை கூடக் கூட, சாலையின் சேதம் ஏறக்குறைய அதன் நான்காம் அடுக்கில் ஏறுவது தெரிந்தது. எடை 20 சதவீதம் கூடினால் சேதம் இரண்டு மடங்கு.

ஆனால் எடை மேடைக்கு எடை மட்டும்தான் தெரியும். பின்கதவின் இடுக்கு, பாடிக்கு மேல் எழுந்த கோபுரம், மடித்து ஓரமாகக் கிடக்கும் தார்ப்பாய் எதுவும் எடைச்சீட்டில் அச்சாவதில்லை. வழியில் அதிகாரி நிறுத்திச் சோதிக்கும் வேளையில், லாரி ஏற்கெனவே பல ஊர்களைக் கடந்து வந்திருக்கும். பதில் சொல்லித் தலைகுனிபவர் ஓட்டுநர். லோடு ஏற்றியது வேறு ஆள், ‘இன்னும் ரெண்டு பக்கெட் போடு’ என்றது வேறு ஆள். சட்டமோ, வண்டியை ஓட்டியவரை மட்டுமல்ல, அப்படி ஓட்ட வைத்தவரையும் அனுமதித்தவரையும் பொறுப்பாக்குகிறது. அந்தப் பாதியையும் அமல்படுத்தினால்தான் சோதனைக்கு அர்த்தம் வரும்.

சோதனை நடக்க வேண்டிய சரியான இடம் குவாரி வாசல். பாடி மட்டத்துக்குக் கீழே சமப்படுத்தி, பின்கதவைப் பூட்டி, தார்ப்பாயை நான்கு பக்கமும் இழுத்துக் கட்டிய பிறகே எடைச்சீட்டு தர வேண்டும். குவாரிப் பாதையில் இருக்கும் எந்தக் கிராமத்தவராக இருந்தாலும், அடுத்த கிராம சபையில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராம சபை கூடுகிறது. அதுவரை, மூடாத டிப்பர் முன்னால் போனால், தயவுசெய்து நன்றாகத் தள்ளியே வாருங்கள்.