ஆபீஸில் திட்டு... வீட்டில் பட்டினி!

"ஒரு வேலையாவது ஒழுங்கா செய்யத் தெரியுமா உனக்கு?"

ஆபீஸில் எல்லார் முன்னாலும் இதைக் கேட்டுவிட்டு வீடு திரும்புகிறவருக்குச் சாப்பாடு இறங்காது. குழந்தை ஹோம்வொர்க்கோடு வந்தால் எரிந்து விழுவார். 'என்னாச்சு?' என்றால், 'ஒண்ணுமில்லை.'

ஒன்றுமில்லாமல் இல்லை. மற்றவர்கள் நம்மை எடைபோடுகிறார்கள், நம்மால் எதுவும் செய்ய முடியவில்லை என்ற இரண்டும் சேரும்போது கார்டிசால் என்ற ஹார்மோன் எக்கச்சக்கமாகச் சுரக்கிறது. அது அடங்கவும் நேரம் பிடிக்கும். சாலி டிக்கர்சன், மார்கரெட் கெமனி என்ற இரண்டு உளவியல் நிபுணர்கள் 208 ஆய்வுகளை அலசி 2004-ல் சொன்னது இது.

அப்படியானால் தப்பைச் சொல்லவே கூடாதா? தாராளமாகச் சொல்லுங்கள். ஆனால் மேலே உள்ள வரியை மறுபடி படியுங்கள். என்ன தப்பு என்று அதில் ஒரு வார்த்தையாவது இருக்கிறதா? 'மூணாவது பக்கத்துல கூட்டல் உதைக்குது. நாலு மணிக்குள்ள சரிபண்ணிடுங்க' என்று சொல்லிப் பாருங்கள். வேலை நடக்கும். முதல் வாக்கியம் ஆளைக் குத்துகிறது. இரண்டாவது, பேப்பரைத் தொடுவதோடு சரி. க்ளூகர், டினிசி என்ற ஆய்வாளர்கள் 1996-ல் வெளியிட்ட பெரிய தொகுப்பில், குறைநிறை சொன்னதற்குப் பிறகு மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட சமயங்களில் வேலைத்திறன் குறைந்தே போயிருந்தது! கவனம் வேலையை விட்டு ஆள் பக்கம் திரும்பினால் பலன் குறைகிறது என்றார்கள்.

'எப்பவுமே' என்ற வார்த்தையும் பொல்லாதது. 'நீங்க எப்பவுமே லேட்' என்றால், நேரத்துக்கு வந்த நாட்களை அவர் மனசுக்குள் எண்ண ஆரம்பித்துவிடுவார். 'திங்களும் புதனும் பத்தரை ஆயிடுச்சே, என்ன விஷயம்?' என்றால் பதில் வரும். இங்கிலீஷ்காரனுக்கு இல்லாத தொல்லை வேறு ஒன்று நமக்கு உண்டு. கோபத்தில் 'நீங்க' சட்டென்று 'நீ' ஆகிவிடும். சொன்ன விஷயம் மறந்துபோனாலும் அந்த 'நீ' வருஷக்கணக்கில் மறக்காது.

சரி, திட்டு வாங்குகிற இடத்தில் நீங்கள் இருந்தால்? 'சரி சார், சரி சார்' என்று தலையாட்டிவிட்டு வந்து உள்ளுக்குள் புழுங்க வேண்டாம். 'எந்த இடத்துல சார்? காட்டினீங்கன்னா இப்பவே மாத்திடறேன்' என்று கேளுங்கள். பேச்சு உங்களை விட்டு பேப்பருக்குப் போய்விடும். உங்களால் செய்ய முடிந்தது ஒன்று கையில் கிடைத்துவிடும். கத்துகிறவருக்கும் அடுத்த வரி கத்த விஷயம் இருக்காது.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. தட்டை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்திருப்பவரிடம், அது கணவரோ மனைவியோ, 'நீங்க என்ன பண்ணினீங்க?' என்று ஆரம்பிக்காதீர்கள். 'என்ன சொன்னாங்க?' என்று கேளுங்கள்.