தகரக் கூரை: குல்மார்கிலும் உறையூரிலும்

உறையூர் வெக்காளியம்மன் கோயிலுக்குச் சென்றவர்கள் கவனித்திருப்பீர்கள். அம்மன் வீற்றிருக்கும் கருவறைக்கு மேலே கூரை கிடையாது. வெயிலும் மழையும் நேரே விழும். மக்களால் அப்படி இருக்க முடியுமா? உங்கள் வீட்டிலும், மொட்டை மாடியில் ஓர் அறை கட்டித் தகரம் வேயலாம் என்ற பேச்சு எழுந்திருக்கலாம். தேர்வுக்குப் படிக்க உங்களுக்கு அந்த அறையைத்தான் ஒதுக்குவார்கள்! எனவே இது உங்கள் பிரச்சினையும் ஆகும்.

முதலில் பெயரைப் பார்ப்போம். தகரம் என்கிறோமே தவிர, கூரைத் தகட்டில் வெள்ளீயம் எதுவும் இல்லை. அது துத்தநாகம் பூசிய எஃகு. நெளிவுத் தகட்டுக்கு 1829-இல் லண்டனில் ஹென்றி பாமர் காப்புரிமை பெற்றார். துத்தநாகம் பூசும் முறைக்கு 1837-இல் பிரான்சில் ஸ்டானிஸ்லாஸ் சோரல் காப்புரிமை பெற்றார். எஃகுக்கு முன்னதாகத் துத்தநாகம் தான் அரிக்கப்பட்டு, எஃகைக் காப்பாற்றுகிறது.

இதே தகட்டைத்தான் பனி பொழியும் காஷ்மீரத்திலும் வேய்கிறார்கள். வெயிலூருக்கும் பனியூருக்கும் ஒரே தகடு எப்படிப் பொருந்தும்? குல்மார்க் வரை போய் வருவோம்.

காஷ்மீரத்தின் பழைய வீடுகளில் பூர்ஜ மரப்பட்டையைப் பரப்பி, அதன்மேல் மண்ணை இடுவார்கள். வசந்த காலத்தில் கூரையிலேயே புல்லும் பூவும் முளைக்கும். பார்க்க அழகுதான், ஆனால் பனியின் பாரத்தை எண்ணிப் பாருங்கள். புதிதாக விழுந்த பனி ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 100 கிலோகிராம்தான். நாள்பட்டு இறுகினால் 300 கிலோகிராம் வரை போகும். 4 மீட்டர் நீளமும் 3 மீட்டர் அகலமும் உள்ள அறையின்மேல் இறுகிய பனி ஒரு மீட்டர் உயரம் நின்றால், 3,600 கிலோகிராம்! கூரைமேல் ஒரு யானை ஏறி நின்றதுபோல. அதனால்தான் அங்கே தகடு, அதுவும் செங்குத்தான சரிவில். வழுவழுப்பான தகட்டில் பனி தானே சறுக்கி விழுந்துவிடும். (கீழே நடப்பவர் தலையில் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்; அதற்கென்று கூரையில் தடுப்புகள் பொருத்துவதும் உண்டு.)

இன்னொரு தொல்லையும் உண்டு. அறைக்குள் மூட்டும் கணப்பின் வெப்பம் மேலேறித் தகட்டைச் சூடாக்கும். பனியின் அடிப்புறம் உருகி நீராக வழியும். ஆனால் சுவரைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும் இறவாரத்தின் கீழே கணப்பு ஏது? அங்கே வந்ததும் நீர் மறுபடி உறைந்து அணைபோல் நிற்கும். பின்னால் வரும் நீர் தேங்கி, தகட்டு இணைப்பின் வழியே வீட்டுக்குள் ஒழுகும். தகட்டை மாற்றுவதால் இது தீராது. அறையின் வெப்பம் தகட்டை எட்டாதபடி மேல்தளத்தின்மீது வெப்பத்தைத் தடுக்கும் பொருளைப் பரப்பி, அதற்கும் தகட்டுக்கும் இடையே காற்று ஓட விட வேண்டும்.

இனி உறையூருக்குத் திரும்புவோம். இங்கே வெப்பம் எதிர்த்திசையில், மேலிருந்து கீழே வருகிறது. மே மாதத்தில் காற்றே 40 டிகிரி செல்சியஸைத் தொடும் நாட்கள் உண்டு. வெயிலில் கிடக்கும் தகடு அதைவிட வெகுவாகச் சுடும். பளபளப்பான புதுத் தகடு வெயிலைத் திருப்பி அனுப்பிவிடாதா என்று கேட்பீர்கள். ஒரு பகுதியை அனுப்பும். ஆனால் உள்வாங்கிய மீதியை அகச்சிவப்புக் கதிர்களாக வெளியிட அதற்குத் திறமை போதாது. முழுமையான கரும்பொருளின் வெளியிடும் திறனை 100 என்று கொண்டால், மினுங்கும் துத்தநாகத்துக்கு 30-கூட இராது. வெள்ளை வர்ணத்துக்கோ ஏறத்தாழ 90. வெள்ளை வர்ணம் வெயிலையும் நிறையத் திருப்பும். உள்வாங்கியதையும் தாராளமாக வெளியே விடும்.

நீங்களே சோதித்துப் பாருங்கள். ஒரே மாதிரியான இரண்டு தகர மூடிகளில் ஒன்றுக்கு வெள்ளை வர்ணம் பூசி, இரண்டையும் அட்டைமேல் வைத்து நண்பகலில் ஒரு மணி நேரம் வெயிலில் விடுங்கள். பிறகு புறங்கையை மெல்லக் கொண்டுபோய்ப் பாருங்கள்.

தகட்டின் அடிப்புறக் கதை வேறு. அங்கே கதிர்வீச்சு குறைவாக இருப்பதே நமக்கு நல்லது. சூடு நம் தலைமேல் இறங்காது. ஆக, வெளியே வெள்ளை, உள்ளே மினுமினுப்பு! கடையில் தடிப்பையும் நிறத்தையும் மட்டும் பேசிக் கறுஞ்சிவப்புத் தகட்டை வாங்கி வருவது எனக்குப் புரியாத விஷயம். சுண்ணாம்பு வழுவழுப்பான தகட்டில் நெடுநாள் ஒட்டாது. துத்தநாகத் தகட்டுக்கென்று விற்கும் வர்ணமே ஏற்றது. கீழே தென்னங்கீற்றுத் தட்டியோ பாயோ கட்டி, இடைவெளியில் சேரும் சூடான காற்று வெளியேற உச்சியில் வழி விட்டால் இன்னும் நல்லது. குல்மார்கில் செய்த அதே வேலைதான்!

தகட்டைப் பொருத்தும்போது ஒரு கணக்கு உண்டு. எஃகு, ஒரு டிகிரி சூட்டுக்குத் தன் நீளத்தில் பத்து லட்சத்தில் 12 பங்கு நீளும். இரவுக்கும் நண்பகலுக்கும் தகட்டின் சூடு 40 டிகிரி மாறினால், 6 மீட்டர் தகடு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் நீண்டு சுருங்கும். அலுமினியமானால் இதுபோல் இரு மடங்கு. அதனால் துளையை ஆணியைவிடச் சற்றுப் பெரிதாக இட்டு, ரப்பர் வளையம் வைத்து முடுக்க வேண்டும். நெளிவின் மேட்டில்தான் துளை. பள்ளத்தில் மழைநீர் ஓடும். வெயில் தாழ்ந்த பிறகு மேலே 'டக், டக்' என்று கேட்டால் பயப்பட வேண்டாம். பகலில் நீண்ட தகடு, தன் பழைய அளவுக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறது.