இறால் மடையும் தீச்சுவரும்

புதிதாக நிறுவிய கோப்புப் பகிர்வு மென்பொருளை முதன்முறை இயக்கும்போது விண்டோஸ் குறுக்கே வந்து, இந்நிரலுக்கு வலையமைப்பில் அனுமதி அளிக்கலாமா என்று வினவுவதும், கேள்வியை வாசிக்கும் பொறுமையற்ற நாம் கைக்கு முதலில் அகப்பட்ட பொத்தானை அழுத்திவிடுவதும், பிற்பாடு கோப்பு நகராமல் நின்றுவிட்டால் கோபங்கொண்டு தீச்சுவரையே அடியோடு அணைத்துவிடுவதும் வீடுதோறும் நிகழும் காரியங்கள். கட்டாரிலுள்ள மகனுக்குக் கல்யாண வீடியோ அனுப்ப முயலும் கற்பிட்டிக் குடும்பத்தாரும், லினக்ஸைத் தரவிறக்கும் உடப்பு மாணவனும் இதற்கு விலக்கல்லர். முற்றத் திறப்பதும் முற்ற அடைப்பதும் ஒருங்கே அனர்த்தம் என்பதைப் புத்தளம் கரையோர வாசிகளுக்கு விளக்க வெகுதூரம் போகவேண்டியதில்லை. அவர்தம் இறால் பண்ணைகளே போதும்.

முந்தல் களப்பையும் புத்தளம் களப்பையும் இணைத்து ஓடும் ஒல்லாந்தர் கால்வாயை அண்டி, 1980களில் தொடங்கிப் பண்ணைகள் பெருகின. குளத்துக்கு வேண்டிய உவர்நீரைக் கால்வாயிலிருந்தே இறைத்த பண்ணைக்காரர், கழிவுநீரையும் அதே கால்வாயிலேயே விட்டனராதலின், ஒருவர் குளத்திலிருந்து வெளியேறியது அயலவர் குளத்துள் புகுந்தது. 1996இல் வந்த வெண்புள்ளி வைரஸ், செழித்திருந்த தொழிலை நிலைகுலையச் செய்ததற்கு இந்தப் பொதுநீரே பெருங்காரணம். அதற்காக மடையை நிரந்தரமாக மூடிவிட எவரால் இயலும்? கோடையில் நீர் வற்றி, உப்பேறி, இறால் மடியும். எப்போது திறப்பது, எவ்வளவு திறப்பது, அயலவர் நீர் வெளிவிடும் காலம் எது என்பவற்றை அறிந்து திறப்பதே உபாயமாயிற்று. நக்டா என வழங்கும் அரச நிறுவனம் பிற்காலத்தில் வலயவாரியாகப் பருவ அட்டவணை வகுத்ததும் இந்த நோக்கத்தினாலேயே.

கணினியிலும் விவகாரம் இதுவே. அதன் போக்குவரத்து 0 முதல் 65535 வரை எண்ணிடப்பட்ட போர்ட்டுகளின் வழியே நடைபெறுகிறது. தீச்சுவரானது நாம் கேட்டதற்கு மறுமொழியாக வரும் பொதிகளை உள்ளே விட்டு, நாம் கேளாமலே வருபவற்றைத் தடுத்து நிறுத்தும். பத்திரிகை வாசிப்பவருக்கும் படம் பார்ப்பவருக்கும் இந்த ஏற்பாட்டினால் யாதொரு இடையூறும் இல்லை. கேட்பவர் எப்போதும் அவரே. ஆனால் 1999இல் நாப்ஸ்டர் என்னும் கோப்புப் பகிர்வுச் சேவை தோன்றி, 2001இல் பிராம் கோஹன் பிட்டொரண்ட் முறையை வெளியிட்ட பின்னர், பெரிய கோப்பொன்றைத் துண்டு துண்டாகப் பலரிடமிருந்து பெற்று, பெற்ற துண்டுகளை உடனுக்குடன் பிறருக்கு வழங்கும் வழக்கம் பரவிற்று. அவ்வாறாயின் நம் கணினி வாங்குவதோடு நில்லாமல் வழங்கவும் வேண்டும். முன்பின் அறியாத எவரோ தாமாகவே அதனைத் தொடர்புகொள்ளவும் வேண்டும். தீச்சுவர் தடுப்பது சரியாக அந்தத் தொடர்பையே. தடுத்தாலும் பகிர்வு அறவே நின்றுபோவதில்லை. நாம் பிறரை அழைக்கலாம், பிறர் நம்மை அழைக்க இயலாது. ஆகவே சகாக்கள் குறைந்து வேகம் தளர்கிறது.

இதற்குத் தீச்சுவரை அணைக்கவேண்டிய அவசியம் எள்ளளவும் இல்லை. அந்த ஒரு நிரலுக்கு மாத்திரம், உள்வரும் தொடர்புக்கான விதியொன்று எழுதினால் போதும். ஈண்டு பலரும் அறியாத நுட்பம் ஒன்றுண்டு: முதற்கேள்விக்கு 'ரத்து' என்று அழுத்தினால், விண்டோஸ் அதை மறந்துவிடாமல், அந்நிரலின் பெயரால் தடை விதியைச் சத்தமின்றி எழுதிவைத்துக்கொள்கிறது, தடையும் அனுமதியும் மோதுமிடத்தில் தடையே வெல்லுமாதலால், பின்னர் எத்தனை அனுமதிகள் சேர்த்தும் பயன் விளையாது. பழைய தடையைத் தேடி நீக்குவதே பரிகாரம். போர்ட்டுக்குப் பொதுவாக அனுமதி வழங்குவதினும் நிரலுக்கு வழங்குவதே உத்தமம். முன்னதில் அந்தப் போர்ட்டில் செவிசாய்க்கும் எந்த நிரலும் பலன் பெறும். அனுமதியைத் தனியார் வலையமைப்புக்கு மட்டும் கொடுக்கவேண்டும். காற்றாடிச் சறுக்கலுக்கும் டொல்பின் காணவும் வருவோருக்காகக் கற்பிட்டியில் எழுந்துள்ள விடுதிகளின் வைஃபை எதுவாயினும், அதைப் பொது வலையமைப்பாகவே கருதுக.

கணினியைத் தாண்டியதும் ரவுட்டர் நிற்கிறது. அதற்கும் தகவல் சொன்னாலன்றி உள்வரும் அழைப்பு எந்தக் கணினிக்கு உரியது என்று அது அறியாது. 49152க்கு மேற்பட்ட ஒரேயொரு போர்ட்டை மென்பொருளில் நிர்ணயித்து, அதையே ரவுட்டரிலும் நம் கணினியின் உள்முகவரிக்குத் திருப்பிவிடலாம். யூபிஎன்பி என்னும் வசதி இதைத் தானாகவே செய்துவிடும் என்பது மெய். ஆனால் அதே சௌகரியம் தீநிரலுக்கும் கிட்டும் என்பதால், அதை மூடிவைப்பதே எனக்கு உசிதமாகப் படுகிறது.

எல்லாம் செய்தும் பலிக்காதவர் ரவுட்டரின் வெளிமுகவரியைப் பார்க்க வேண்டும். அது 100.64க்கும் 100.127க்கும் இடைப்பட்ட எண்களில் தொடங்கினால், 2012இல் இதற்கென்றே ஒதுக்கப்பட்ட பொதுப்பங்கீட்டு முகவரி அது. செல்பேசி வழி இணைப்புகளில் மிகச் சாதாரணம். ஒரே வெளிமுகவரிக்குப் பின்னால் அநேக வாடிக்கையாளர் நிற்க, தடை சேவை வழங்குநரின் இடத்தில் இருப்பதால், நம் வீட்டில் எதைத் திறந்தும் பிரயோசனம் இல்லை. சேவையாளரிடம் தனி முகவரி கேட்கலாம்; இல்லையேல், நேர்த்தொடர்பு கிட்டாதபோது இடைநிலைச் சேவையகம் வழியாக மறையாக்கத்தோடு அனுப்பும் சிங்திங் போன்ற மென்பொருளை நாடலாம். தெரிந்த இருவருக்கிடையே மட்டும் கோப்பு செல்லவேண்டுமாயின், ஊரறியப் பகிரும் டொரண்டினும் அதுவே தகும்.

எந்த நிலையிலும் ரவுட்டரில் திறக்கக்கூடாத போர்ட் 445. விண்டோஸ் கோப்புறைகளை வீட்டுக்குள்ளே பகிரப் பயன்படுவது. 2017 மே மாதத்தில் வானக்ரை என்னும் தீநிரல் உலகெங்கும் பரவிக் கோப்புகளைப் பூட்டிப் பணயம் கேட்டது இதே வாயிலினூடாகத்தான். அதற்கு முன்னர் 2003 ஆகஸ்டில் பிளாஸ்டர் புழு 135ஆம் போர்ட் வழியே புகுந்தபோது, எக்ஸ்பி இயங்குதளத்தில் தீச்சுவர் இருந்தும் அணைந்த நிலையிலேயே கிடந்தது. மறு ஆண்டில் வெளியான இரண்டாம் சேவைப்பொதியே அதனை இயல்பாக விழித்திருக்கச் செய்தது. இனித் தரவிறங்கிய பொருளின் குணதோஷம் வேறு விவகாரம்: அனுமதித்த நிரலின் வழியே வந்துசேரும் கோப்புக்குள் நஞ்சு இருக்கிறதா என்று தீச்சுவர் திறந்து பார்ப்பதில்லை. அது வைரஸ் எதிர்ப்பு மென்பொருளின் வேலை.